கண்டித் தோடம்பழமும் தயிர்ச் சட்டியும்

உணவின் சரித்திரம் அரசர்களின் சரித்திரத்தைப் போல எழுதி வைக்கப்படுவதில்லை. மன்னன் முடி சூடிய நாளையும், படைகள் பொருத களத்தையும் ஏடுகள் குறித்து வைத்திருக்கின்றன. ஒரு தாய் தன் பிள்ளைக்கு எந்தச் சட்டியிலிருந்து எதை எடுத்து ஊட்டினாள் என்பதைக் குறித்து வைத்தவர் மிகச் சிலரே. ஆயினும், மக்கள் வாழ்ந்த வாழ்வை உள்ளபடி அறிய விரும்புவோர் அரண்மனை வாயிலைப் போலவே அடுக்களை வாயிலையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். கட்டித் தயிர், தோடம்பழம், தேசிக்காய், கித்துள் பாணி ஆகிய நான்கையும் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்க எளிய இனிப்பொன்றை முன்னிட்டுக் கண்டி நாட்டின் அடுக்களையைத் தட்டினால், மூன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதையொன்று வெளிப்படுகின்றது.

அந்த இனிப்புக்கு வேண்டிய பொருள் எதுவும் கடல் கடந்து வரவேண்டியதில்லை. பால் மலையிலே கறக்கப்படுகின்றது; பழம் வீட்டுத் தோட்டத்திலே காய்க்கின்றது; கித்துள் மரம் ஓடைக் கரைகளிலே தானாக வளர்ந்து நிற்கின்றது. உண்டபின் வயிறு கனக்காமலும், வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் குறையாமலும் அமைவது இதன் சிறப்பாகும். இத்தகைய பண்டம் மலைநாட்டின் ஒவ்வொரு வீட்டிலும் அன்றாட உணவாக இருந்திருக்க வேண்டுமல்லவா? இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்ற வினாவே இங்கு ஆராயத்தக்கது.

முதலில் பழத்தைப் பார்ப்போம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. மழையும் மிதமான வெப்பமும் உடைய அந்நிலத்தில் தேசிக்காய், தோடை, நாரத்தை, பம்பிளிமாசு முதலான ஓரினத்து மரங்கள் பலாவுக்கும் பாக்குக்கும் மிளகுக்கும் இடையே வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்து வந்திருக்கின்றன. சிங்கள மக்கள் தேசிக்காயைத் தெஹி என்றும், தோடம்பழத்தைத் தொடம் என்றும், நாரத்தை இனத்துச் சிறு பழங்களை நாரன் என்றும் வழங்குவர். இரு மொழிச் சொற்களும் எவ்வளவு நெருங்கி ஒலிக்கின்றன என்பதை நேயர்கள் எளிதில் உணரலாம். நாரங்கம் என்னும் வடசொல்லுக்கே திராவிட மொழியொன்று மூலமாயிருக்கலாம் எனவும், அச்சொல்லே பாரசீகம், அரபு, ஸ்பானியம் ஆகிய மொழிகளின் வழியாக ஐரோப்பா சென்று, ஆங்கிலத்தில் ஒறேஞ்சு என்று உருமாறியது எனவும் மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். பழம் சென்ற வழியிலேயே பெயரும் சென்றது.

கண்டிச் சந்தையில் விற்கப்படும் உள்ளூர்த் தோடம்பழம் பழுத்த பின்னரும் பச்சைத் தோலுடனேயே காணப்படும். இதைக் கண்டு காயென்று ஒதுக்குவோர் உளர். இரவுகள் நன்கு குளிரும் நாடுகளிலேதான் அதன் தோல் பொன்னிறம் கொள்கின்றது. வெப்ப நாட்டில் தோலின் பச்சை மறைவதில்லை. உள்ளே சாறும் இனிப்பும் நிறைந்திருக்கும். கப்பலில் வந்த பழத்தின் நிறத்தைக் கண்டு மயங்கி, வேலியோரத்துப் பழத்தை இகழ்தல் அறியாமையாகும்.

கண்டி நாட்டின் அடுக்களையைக் குறித்து வைத்த அச்சிலரில் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் 1660ஆம் ஆண்டு, திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் தம் தந்தையுடனும் மற்ற மாலுமிகளுடனும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்தில் வெளியேற முடியாதவராக வாழ்ந்து, 1679ஆம் ஆண்டு வடமேற்குக் கரையிலுள்ள அரிப்புக் கோட்டைக்குத் தப்பிச் சென்று ஒல்லாந்தரிடம் சேர்ந்தார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்த என்னுமூரில் வீடும் தோட்டமும் அமைத்துப் பல்லாண்டு வாழ்ந்த அவர், ஊரார் உண்டதையும் உடுத்ததையும் கூர்ந்து கண்டார். அவருடைய நூல் 1681ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது.

இனிப்பும் புளிப்புமான தோடம்பழங்களும் தேசிக்காய்களும் அந்நாட்டில் உண்டென்று நொக்ஸ் எழுதுகின்றார். கித்துள் மரத்தின் இனிய சாற்றை இறக்கிக் காய்ச்சிக் கருப்பட்டி செய்வதையும் விவரிக்கின்றார். சோறும் உப்பும் வீட்டில் இருந்தாற் போதும் என்று மக்கள் மனநிறைவு கொண்டனர் என்றும், சிறிது கீரையும் தேசிக்காய்ச் சாறும் மிளகும் உப்பும் சேர்த்து அதனையே நல்லுணவாக உண்டனர் என்றும் கூறுகின்றார். பாலைக் காய்ச்சித் தயிராக்கி, மறுநாள் அதன் ஆடையை மத்திட்டுக் கடைந்து வெண்ணெய் எடுத்து, நீர் வற்றும் வரை உருக்கி வைக்கும் முறையும் அவர் நூலில் இடம்பெறுகின்றது. ஆக, இன்று வேண்டப்படும் நான்கு பொருள்களும் அன்றே அந்நாட்டில் இருந்தன என்பது தெளிவு.

அப்படியானால், குறை எங்கே இருந்தது? அதற்கும் நொக்ஸே விடை தருகின்றார். ஒருவனுடைய தோட்டத்தில் நல்ல பழமரம் ஒன்று காய்த்துவிட்டதென்று அறிந்தால், அதிகாரிகள் வந்து அரசனின் பெயரால் மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் நுனியில் மூன்று முடிச்சுப் போட்டுவிடுவர். அதன்பின் மரத்துக்குரியவன் அப்பழத்தைத் தொட அஞ்சுவான். தமிழர் வழக்கில் மூன்று முடிச்சு மங்கலத்தின் அடையாளம். கண்டித் தோட்டத்திலோ அது பறிமுதலின் அடையாளமாயிற்று. நல்ல கனி தரும் மரங்களை நட்டு வளர்ப்பதிலே மக்கள் ஊக்கம் இழந்தமைக்கு இவ்வழக்கமே காரணமென அவர் கூறுகின்றார். நட்டவன் உண்ண முடியாத பழத்தை எவன் நடுவான்? மண்ணின் வளமும் மக்களின் உழைப்பும் இருந்தும், உரிமை இல்லாத இடத்தில் உணவு வளராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1739ஆம் ஆண்டு முதல் 1815ஆம் ஆண்டு வரை கண்டியின் அரியணையில் நாயக்க வமிசத்து அரசர் நால்வர் இருந்தனர். அவர்களுடைய உறவினர் மதுரைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். கண்டி நகரிலே அவர்களுக்கெனத் தனி வீதியும் இருந்தது. பாலும் தயிரும் நெய்யும் தென்னாட்டு வீடுகளிற் பெறும் இடம் யாவரும் அறிந்ததே. 1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832ஆம் ஆண்டு அங்கே மறைந்தான். மலைநாடு ஆங்கிலேயரின் கைக்கு மாறியது.

ஆங்கிலேயர் வந்த சில ஆண்டுகளுக்குள், 1821ஆம் ஆண்டு, அலெக்சாண்டர் மூன் என்பவரின் மேற்பார்வையிற் பேராதனைத் தாவரவியற் பூங்கா அமைந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் செடிகொடிகள் அங்கு கொண்டுவரப்பட்டு, நட்டுச் சோதிக்கப்பட்டன. பிற்காலத்தில் அங்குப் பணியாற்றிய மக்மிலன் என்பவர் வெப்ப நாட்டுத் தோட்டக்கலையைப் பற்றி எழுதிய கைந்நூல் ஆசிய நாடுகள் பலவற்றிலும் வழிகாட்டியாக விளங்கியது. ஆயினும் மலைச்சரிவுகளில் ஆயிரமாயிரம் ஏக்கரிற் பரவியவை பழமரங்கள் அல்ல. 1820களிற் கம்பளைப் பக்கத்திற் கோப்பி தொடங்கியது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைச் சில ஆண்டுகளில் அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

தோட்டத்துரைமாரின் பங்களாக்களில் இராவுணவின் முடிவில் ஆங்கிலேய முறையிலான இனிப்பு பரிமாறப்படும். தேசிக்காய்ச் சாறும் சீனியும் ஜெலற்றினும் சேர்த்து உறையவைத்த ஜெலி, முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்து அதனுடன் கலந்த மென்பண்டம் ஆகியன அக்கால ஆங்கிலச் சமையலிற் பெயர்பெற்றவை. இலேசான இனிப்பு என்றாலே இத்தகைய ஜெலிதான் என்ற எண்ணம் நகர மக்களிடையேயும் பரவியது. நோயாளிக்கும் குழந்தைக்கும் அது பலம் தரும் என்றும் நம்பப்பட்டது. அந்நம்பிக்கையின் கதை சுவையானது. எச்சரிக்கையும் அதனுள் இருக்கின்றது.

ஜெலற்றின் என்பது விலங்குகளின் எலும்பையும் தோலையும் கொதிக்கவைத்துப் பெறுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிசு நகரில் டார்சே என்னும் இரசாயன அறிஞர், எலும்பிலிருந்து பெற்ற ஜெலற்றினைக் கொண்டு மலிவான சூப்புச் செய்து ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் வழங்கலாம் என்று எடுத்துரைத்தார். மருத்துவமனைகளும் அதனை ஏற்றன. உண்டவர்களோ முறையிட்டனர். அதனை ஆராய அமைக்கப்பட்ட குழுவின் சார்பில் மகாண்டி என்னும் உடலியல் அறிஞர் 1841ஆம் ஆண்டு அறிக்கை சமர்ப்பித்தார். ஜெலற்றினை மட்டும் உண்ட நாய்கள் உயிர் தரிக்கவில்லை என்பது அதனால் வெளிப்பட்டது. காரணம் பிற்காலத்தில் விளங்கியது. உடலின் தசையைக் கட்டுவதற்குப் பல்வகை அமினோ அமிலங்கள் தேவை. அவற்றுள் இன்றியமையாத ஒன்றாகிய திரிப்தோபன் ஜெலற்றினில் இல்லை. ஒரு கல்லும் விடுபடாமல் இருந்தாலன்றிச் சுவர் நிற்காது; அவ்வாறே ஓர் அமினோ அமிலம் இல்லாதபோது புரதத்தின் பயனும் குறைகின்றது. கடற்பாசியிற் செய்யும் ஜெலியோ வயிற்றுக்கு இதமானது. எனினும் அதிற் புரதம் இல்லையென்றே சொல்லலாம். இதற்கு மாறாக, பாலின் புரதத்திலும் முட்டையின் புரதத்திலும் உடலுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் யாவும் அமைந்துள்ளன. ஆகவே, பளபளக்கும் ஜெலியை விட மண்சட்டித் தயிரே உடலை வளர்க்க வல்லது.

பழத்தின் பங்கையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1747ஆம் ஆண்டு, சோல்ஸ்பரி என்னும் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர், முரசு கரைந்து குருதி வடியும் நோயுற்ற மாலுமிகள் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்தும் உணவும் கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவிற் குணமடைந்தனர். ஆயினும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க 1795ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பழங்களில் உள்ள உயிர்ச்சத்து சீ, கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதற்கும் துணைசெய்கின்றது. சோறும் கீரையும் உண்ட பின் தோடம்பழம் சேர்ந்த இனிப்பை உண்பது நாவுக்கு இன்பமாவதோடு இரத்தத்துக்கும் நலமாவது இதனாலேயே.

இனிப் பாலின் கதைக்கு வருவோம். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் மன்னார் வழியாகவும் மாத்தளை வழியாகவும் காட்டுப் பாதையிற் கால்நடையாக மலைநாட்டுக்கு வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். எஞ்சியோர் லயங்களிற் குடியேறினர். அவர்களிற் பலர், ஊரிலே மாடு வளர்த்துப் பழகிய குடியானவர்கள். தோட்டத்தின் ஓரத்தில் லயத்துக்குப் பின்னாற் சிறு கொட்டில் அமைத்து, கொழுந்து பறித்து முடிந்த மாலை வேளையிற் புல்லறுத்து வந்து, ஒன்றிரண்டு பசுக்களை வளர்க்கும் வழக்கம் மலையகத்தில் நிலைபெற்றது. மலையகத்தின் பால் உற்பத்தியில் இச்சிறு கொட்டில்களின் பங்கு சிறிதன்று.

ஆனால் கறந்த பால் கறந்தவரின் வீட்டிலே தங்கவில்லை. கூலி குறைவாகவும் கடன் நிறைவாகவும் இருந்த குடும்பத்துக்கு, நாள்தோறும் கையில் காசாக மாறும் பொருள் பால் ஒன்றே. அது போத்தற் கணக்கில் விற்பனைக்குச் சென்றது. வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததோ பாலற்ற சாயத் தேநீர். அரசனின் ஆள் வந்து முடிச்சுப் போடவில்லை. வறுமை அந்த வேலையைச் செய்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. காணியும் வீடும் சொந்தமில்லாதவன் பழமரம் நட்டுக் காய்க்கும் வரை பல்லாண்டு காத்திருப்பது எவ்வாறு? நாடற்றிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே பெருமளவில் முடிவு கண்டது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அமெரிக்காவில் கெயில் போர்டன் 1856ஆம் ஆண்டிற் பாலைச் சுண்டக் காய்ச்சி அடைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1866ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்திலும் அத்தகைய தொழிற்சாலை எழுந்தது. பின்னர் டின்பாலும், அதன்பின் பால்மாவும் உலகெங்கும் பரவின. சீனி மிகுந்த டின்பாலைக் கொண்டு செய்யும் புடிங்குகள் விருந்துகளில் இடம்பெற்றன. அவை நாவுக்கு இனியன எனினும், சீனியும் கொழுப்பும் மிக்கவை. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த வட்டிலப்பம், இலங்கை முஸ்லிம் மக்களின் பெருநாட் சிறப்பு; பெருநாளுக்கு ஏற்ற அதனை நாள்தோறும் உண்ணல் இயலாது.

சுதந்திரத்துக்குப் பின் உள்நாட்டுப் பாலைச் சேகரிக்கும் பணியை அரசின் பால் சபை மேற்கொண்டது. 1986ஆம் ஆண்டின் பின் மில்கோ நிறுவனம் அதனைத் தொடர்ந்தது. கண்டிக்கு அண்மையில் திகனையிலும், நுவரெலியாவுக்கு அப்பால் அம்பேவெலவிலும் பாற்சாலைகள் அமைந்தன. 1952ஆம் ஆண்டிற் பேராதனைக்கு வந்த பல்கலைக்கழகத்திலே விவசாயமும் மிருக வைத்தியமும் கற்பிக்கப்பட்டன. இவ்வளவு இருந்தும், நாட்டின் பாற்றேவையிற் பெரும் பகுதி கடல் கடந்து வந்த பால்மாவினாலேயே நிறைந்து வந்தது. 2021ஆம் ஆண்டிலும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலும் அந்நியச் செலாவணி வற்றியபோது, பால்மாப் பொதியொன்றுக்காக மக்கள் கடை வாயிலில் வரிசையில் நின்ற காட்சியை நாடு கண்டது. பசுக்கள் மேயும் மலைநாட்டிலும் அவ்வரிசைகள் இருந்தன என்பதே சிந்திக்கத்தக்கது.

இக்கதையின் விளைவை எண்ணிலும் காணலாம். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 17.3 பேர். பெருந்தோட்டத் துறையிலோ அது நூற்றுக்கு 31.7. மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளை வளரவேண்டிய அளவுக்கு வளரவில்லை. வகுப்பறையின் முன்வரிசையில் உட்காரும் சிறிய உருவங்கள் யாவும் வயதிற் சிறியன அல்ல. உயரக் குறைவுக்குத் தாயின் நலம், குடிநீர், சுகாதாரம், வருமானம் எனக் காரணங்கள் பலவுண்டு; ஓர் இனிப்புப் பண்டம் அவையனைத்தையும் தீர்க்கும் என்று கூறுவது பேதைமை. ஆயினும் பாலும் முட்டையும் பழமும் பிள்ளையின் தட்டில் நாள்தோறும் இடம்பெறுவது, தீர்வின் ஒரு பகுதி என்பதில் ஐயமில்லை.

இனி அந்த இனிப்பைச் செய்யும் முறையைக் கூறுதல் தகும். நால்வருக்கு ஒரு லீற்றர் பசும்பால் போதுமானது. பாலை நன்கு பொங்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மேலே படியும் ஆடையை எடுத்துவிட வேண்டும். ஆடையோடு கொழுப்பில் ஒரு பகுதி நீங்கும். புரதம் பாலிலேயே நிற்கும். விரல் பொறுக்கும் சூட்டில் ஒரு மேசைக்கரண்டி உறைத்தயிரைக் கரைத்து, மண்சட்டியில் ஊற்றி மூடிவைத்தல் வேண்டும். மலைநாட்டின் குளிர் இரவுகளிற் சட்டியைத் துணியாற் சுற்றி அடுப்பங்கரையில் வைத்தால், விடியுமுன் தயிர் உறைந்துவிடும். எருமைத் தயிர் கட்டியும் சுவையும் மிக்கதே; ஆயினும் எருமைப் பாலிற் கொழுப்பு நூற்றுக்கு ஏழுக்குக் குறையாதிருத்தலால், இலேசான பண்டத்துக்குப் பசும்பாலே ஏற்றது.

உறைந்த தயிரைச் சுத்தமான வெள்ளைத் துணியிற் கட்டி மூன்று நான்கு மணி நேரம் தொங்கவிட்டால், நீர் வடிந்து வெண்ணெய் போன்ற கட்டித் தயிர் எஞ்சும். வடிந்த நீரை வீசுதல் வேண்டா. ரொட்டிக்கு மாக் குழைக்கவும் இரசத்துக்கும் அது உதவும். கட்டித் தயிரை மத்தாலோ கரண்டியாலோ நன்றாக அடித்து மென்மையாக்கி, மூன்று மேசைக்கரண்டி கித்துள் பாணி சேர்க்க வேண்டும். பாணியும் இனிப்பே ஆதலால் அளவு மீறலாகாது. பின்னர் ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லத் துருவிக் கலத்தல் வேண்டும். மணம் முழுவதும் அப்பச்சைத் தோலின் எண்ணெயில் இருக்கின்றது. அதன் கீழுள்ள வெண்படலம் கசக்கும். ஒரு தேக்கரண்டி சாறு போதும். இறுதியாக, இரண்டு தோடம்பழங்களின் சுளைகளை மெல்லிய தோலும் விதையும் நீக்கி மேலே பரப்பி, மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியிலாவது குளிர்ப்பெட்டியிலாவது சிறிது நேரம் வைத்துப் பரிமாறலாம்.

பாலில் தேசிக்காய்ச் சாறு பட்டாற் பால் திரிந்துவிடுமே, தயிர் மட்டும் திரியாதா என்று சிலர் ஐயுறலாம். பாலின் முக்கிய புரதமாகிய கேசீன் புளிப்பு மிகும்போது ஒன்றோடொன்று சேர்ந்து திரளும் இயல்புடையது. பாலிற் சாற்றை ஊற்றும்போது அது திடீரெனத் திரள்கின்றது. வங்காளத்தார் இனிப்புக்குரிய பாற்கட்டியைச் செய்வதும் இவ்வாறே. தயிரிலோ அந்தத் திரட்சி இரவு முழுதும் மெல்ல நிகழ்ந்து முடிந்துவிட்டது. ஆதலின் மேலும் சிறிது புளிப்புச் சேர்வதாற் கெடுதல் இல்லை. சாறு மிகுந்தால் நீர்த்துப்போகும், அவ்வளவே. பச்சை முட்டையின் வெண்கருவை அடித்துச் சேர்க்கும் ஆங்கிலேய முறை சிறு பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் ஏற்றதன்று, நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும்.

ஒரு லீற்றர் பாலில் ஏறக்குறைய 32 கிராம் புரதம் உண்டு. நீரோடு ஒரு பகுதி வடிந்தாலும், நால்வருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் சுமார் 6 கிராம் கிடைக்கும். ஒரு கோழிமுட்டையிலுள்ள புரதத்துக்கு அது ஒப்பாகும். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு வேண்டிய 15 முதல் 20 கிராம் புரதத்தில் மூன்றிலொரு பங்கு ஒரு சிறு கிண்ணத்திலேயே சேர்ந்துவிடுகின்றது. பால்மாப் பொதியும் வேண்டியதில்லை, ஜெலற்றினும் வேண்டியதில்லை.

அரசனின் கயிறு அறுந்து இரு நூற்றாண்டு கடந்துவிட்டது. கப்பற் பழத்தின் நிறத்தில் மயங்குவதும், பொதியிலடைத்த மாவே உயர்ந்ததென எண்ணுவதும் மக்கள் தாமே போட்டுக்கொண்ட முடிச்சுகள். அவற்றை அவிழ்க்க எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வறுமையின் முடிச்சோ தனி வீட்டினால் அவிழ்க்க முடியாதது. நியாயமான கூலியும், பாலுக்கு ஏற்ற விலையும், லயத்தின் ஓரத்திலே மரம் நடச் சொந்தமான நாலு முழ நிலமும் அதற்கு வேண்டும். அவை முழுமையாகக் கிட்டும் வரை, பால் வண்டி வருமுன் வீட்டுப் பிள்ளைக்கென ஒரு போத்தலையேனும் எடுத்துவைக்க முடிந்த வீடுகள் அதனை எடுத்துவைத்தல் நன்று. வேலியோரத்தில் இன்று ஊன்றும் தோடங்கன்று காய்க்கத் தொடங்கும் காலத்தில், இன்று தொட்டிலிற் கிடக்கும் குழந்தை பள்ளிக்கூடம் செல்லும் வயதை அடைந்திருக்கும்.